பதில் குடலின் கடைக்கோடியில் இருந்தது

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். வயிற்றில் குடலிறக்கம். வயிற்றுச் சுவர் விட்டுப்போன இடத்தில் குடல் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதைத் தைத்துச் சரிசெய்ய ஆபரேஷன் உண்டு. ஆனால் அவருக்கு இருந்த எடைக்குத் தையல் நிற்காது. எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான் இப்படிப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. எடையைக் குறைக்க அவரால் முடியவில்லை.

அவருக்கு வைத்தியம் பார்த்த அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன், குடலிறக்கத்தைத் தொடுவதற்கு முன்னால் வேறொரு ஆபரேஷன் செய்தார். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்தார். இனி சாப்பிடும் உணவு இரைப்பையின் பெரும்பகுதிக்குப் போகாது. சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கும் போகாது. அந்தப் பெண்ணின் எடை இறங்கியது. பிறகு குடலிறக்கத்தையும் சரிசெய்ய முடிந்தது. உடல் பருமனுக்காகச் செய்யப்பட்ட முதல் இரைப்பை பைபாஸ் அதுதான். மேசனும் அவருடன் பணியாற்றிய ஜப்பானிய மருத்துவர் சிகாஷி இட்டோவும் 1967இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

உடல் பருமன் அறுவை சிகிச்சையின் தந்தை என்று மேசனை மருத்துவ உலகம் அழைக்கிறது. பட்டம் பொருத்தமானதுதான். ஆனால் ஒரு ஆபரேஷனைக் கண்டுபிடித்தவர் என்பதற்காக மட்டும் அவரைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை. தான் கண்டுபிடித்த ஆபரேஷனைத் தானே சந்தேகித்தவர் அவர். அதை விட்டு வேறொன்றுக்குப் போனார். அதுவும் போதாது என்று தெரிந்தபோது, எழுபது வயதைக் கடந்த பிறகும் ஏன் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலின் பாதையில் நடந்து பார்த்தால், பசி என்பது என்ன, பருத்தவர்களால் ஏன் மெலிய முடிவதில்லை என்ற கேள்விகளுக்கு மருத்துவம் எப்படிப் பதிலை நெருங்கியது என்பது தெரியும்.

மேசன் 1920இல் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் பிறந்தவர். அயோவாவில் மருத்துவம் படித்தார். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓவன் வாங்கென்ஸ்டீன் என்ற பெரிய ஆசிரியரிடம் அறுவை மருத்துவம் பயின்றார். வாங்கென்ஸ்டீனிடம் படிப்பவர்கள் கத்தி பிடிக்கக் கற்றால் மட்டும் போதாது. ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். மேசன் அங்கே அறுவை மருத்துவத்தில் முனைவர் பட்டமும் பெற்று, 1953இல் அயோவாவுக்குத் திரும்பினார். எதையும் அளந்து பார்த்த பிறகே நம்புவது என்ற பழக்கம் மினசோட்டாவில் அவருக்குப் படிந்தது என்று நினைக்கிறேன். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுக்க அதற்குச் சாட்சி.

அந்தக் காலத்தில் வயிற்றுப் புண்ணுக்கு இன்றுள்ள மாத்திரைகள் கிடையாது. புண் முற்றியவர்களுக்கு இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். புண் ஆறிவிடும், ஆனால் நோயாளி மெலிந்துபோவார். மறுபடி உடம்பு தேறுவது பலருக்குக் கடினமாக இருந்தது. அறுவை மருத்துவர்கள் இதை ஒரு தொல்லையாகத்தான் பார்த்தார்கள். புண் நோயாளிக்குத் தொல்லையாக இருக்கும் இந்த மெலிவு, எடையாலேயே உயிருக்குப் போராடும் ஒருவருக்கு மருந்தாகலாமே என்று மேசன் யோசித்தார்.

எடையைக் குறைக்க அதற்கு முன்பே ஒரு ஆபரேஷன் இருந்தது. 1950களில் தொடங்கிய அந்த முறையில் சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 35 சென்டிமீட்டரையும் கடைசியில் சுமார் 10 சென்டிமீட்டரையும் மட்டும் இணைத்து, நடுவிலிருந்த பல மீட்டர் நீளக் குடலை உணவுப் பாதையிலிருந்து விலக்கி வைத்தார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வெளியேறியது. எடை குறைந்தது உண்மை. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, உடம்பின் உப்புச் சமநிலைக் குலைவு எல்லாம் வந்தன. சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து உயிர் போனது. 1980 வாக்கில் மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது. மேசனின் பைபாஸ் அதைவிட மென்மையானது. அவர் குடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலேயே விட்டுவைத்தார்.

ஆனாலும் ஒரு பயம் இருந்தது. உணவு வராத இரைப்பை சும்மா இருக்குமா? அமிலத்தைச் சுரந்து சுரந்து புதிய புண்ணை உண்டாக்கினால்? மேசனும் இட்டோவும் நாய்களில் இந்த ஆபரேஷனைச் செய்து அமிலச் சுரப்பை அளந்து பார்த்தார்கள். பயந்தபடி அமிலம் பொங்கவில்லை. அதன் பிறகே மனிதர்களிடம் வந்தார்கள்.

எடை எதனால் குறைகிறது? அன்றைய பதில் எளிமையானது. பை சிறியது, அதனால் கொஞ்சம்தான் சாப்பிட முடியும். குடலைக் குழாயாகவும் இரைப்பையைத் தொட்டியாகவும் பார்த்த காலம் அது. தொட்டியைச் சிறிதாக்கு, வாய்க்காலைக் குறுக்கு, வேலை முடிந்தது. மேசனும் அப்படித்தான் நம்பினார். நோயாளிகளை வருடக்கணக்கில் வரவழைத்து எடை பார்த்தபோது சிலருக்கு எடை திரும்புவது தெரிந்தது. அப்படியானால் பை இன்னும் பெரிதாக இருக்கிறது என்று முடிவு செய்தார். தொடக்கத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேலிருந்த பையை 50 மில்லிலிட்டருக்குக் கொண்டுவந்தார். பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலையும் சுருக்கினார். முடிவுகள் மேம்பட்டன. குழாய்க் கணக்கு சரி என்றே தோன்றியது.

ஆனால் நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு எடை மட்டுமா கண்ணில் படும்? பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இரும்புச்சத்து குறைந்தது. பி12 வைட்டமின் குறைந்தது. எலும்புக்கு வேண்டிய கால்சியம் சரியாக ஏறவில்லை. இவற்றை உறிஞ்ச உதவும் பகுதிகளைத்தான் பைபாஸ் விலக்கி வைத்திருக்கிறது. விலக்கி வைத்த இரைப்பைக்குள் நாளைக்கு ஏதாவது கோளாறு வந்தால் வாய் வழியே குழாய்விட்டுப் பார்க்கவும் வழியில்லை. இளம் வயதில் ஆபரேஷன் செய்துகொள்ளும் ஒரு பெண் இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் வாழ வேண்டும். அத்தனை வருடமும் இந்தக் குறைகளை அவர் சுமக்க வேண்டுமா? மேசனை அரித்த கேள்வி இது. உலகம் தன்னுடைய ஆபரேஷனைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்த நேரத்தில் அவர் மாற்று தேடினார். ஒரு அறுவை மருத்துவர் இதைச் செய்வது எளிதல்ல. பெயர் வாங்கித் தந்த கண்டுபிடிப்பைக் கீழே வைக்கப் பெரிய நேர்மை வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் அவரும் அவருடன் பணியாற்றிய கென்னத் பிரின்டனும் செய்து பார்த்த முதல் மாற்று தோற்றது. 1980இல் மேசன் கொண்டுவந்த இரண்டாவது மாற்று உலகமெங்கும் பரவியது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இரைப்பையின் மேல்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்திலிருந்து சில சென்டிமீட்டர் கீழே, ஸ்டேப்ளர் கருவியால் முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்து வட்டமாக ஒரு துளை போடப்படும். அந்தத் துளையிலிருந்து மேல்நோக்கி நேர்க்கோட்டில் ஸ்டேப்ளர் முட்களின் வரிசை. இதனால் உட்புற வளைவை ஒட்டி, 20 மில்லிலிட்டர்கூடப் பிடிக்காத நீளமான ஒரு சிறு பை உருவாகும். அதன் அடிவாசல் நாளடைவில் அகன்றுவிடக் கூடாது என்பதற்காக, ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள பாலிப்ரோப்பிலீன் வலைப் பட்டை ஒன்றைத் துளை வழியே நுழைத்து வாசலைச் சுற்றிக் கட்டுவார்கள். பட்டையின் சுற்றளவு 5 சென்டிமீட்டர். அந்த அளவில் மேசன் மிகக் கண்டிப்பாக இருந்தார். எதையும் வெட்டி எடுப்பதில்லை, குடலைத் தொடுவதில்லை, உணவு அதன் இயற்கையான பாதையிலேயே போகும். சத்துக் குறைபாட்டுக்கு இடமில்லை. குழாய்க் கணக்கின்படி பார்த்தால் இதைவிட நேர்த்தியான ஆபரேஷன் இருக்க முடியாது.

1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிபுணர்களைக் கூட்டி, எந்த ஆபரேஷன்களை ஏற்கலாம் என்று ஆராய்ந்தன. இரண்டு தேறின: இந்தப் பட்டை ஆபரேஷனும் இரைப்பை பைபாஸும். இரண்டுமே மேசனிடமிருந்து வந்தவை.

ஆனால் பட்டை ஆபரேஷன் காலத்தைத் தாங்கவில்லை. முதல் ஓரிரு வருடங்கள் எடை நன்றாக இறங்கும். பிறகு பலருக்கு மெல்ல ஏறத் தொடங்கும். சிலருக்கு ஸ்டேப்ளர் வரிசை விட்டுப்போனது. சிலருக்கு வாந்தியும் நெஞ்செரிச்சலும் தீரவில்லை. ரொட்டியும் இறைச்சியும் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தபோது, வழுக்கிக்கொண்டு இறங்கும் ஐஸ்கிரீமுக்கும் இனிப்புப் பானங்களுக்கும் போனார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஹார்வி சுகர்மன் குழுவினர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பட்டையும் மறு பாதிக்குப் பைபாஸும் செய்து 1987இல் முடிவை வெளியிட்டார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களே தெளிவாக அதிக எடையை இழந்திருந்தார்கள்.

இரண்டு ஆபரேஷனிலும் பை சிறியது, வாசல் குறுகியது. குழாய்க் கணக்கு மட்டுமே உண்மை என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. அப்படியானால் பைபாஸில் வேறு ஏதோ நடக்கிறது. நோயாளிகளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டை கட்டியவர்கள் பசிக்கிறது, சாப்பிட முடியவில்லை என்றார்கள். பைபாஸ் செய்தவர்கள் பசியே முன்போல் இல்லை என்றார்கள். அந்த வித்தியாசத்தின் பொருள் முழுதாகப் புரியப் பல வருடங்கள் ஆயின.

முதல் பெரிய தடயம் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் என்ற சிறு நகரத்திலிருந்து வந்தது. அங்கே கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் வால்டர் போரீஸ் என்ற அறுவை மருத்துவர் 1980இலிருந்து பைபாஸ் செய்துவந்தார். அவருடைய நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. எடை குறைந்தால் சர்க்கரை குறையும் என்பது யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் கண்டது வேறு. ஆபரேஷன் முடிந்து சில நாட்களிலேயே, உடம்பில் குறிப்பிடும்படி எடை குறைவதற்கு முன்பே, ரத்தச் சர்க்கரை சரியாகிக்கொண்டிருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டு ஆபரேஷனுக்கு வந்தவர்கள் இன்சுலின் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். 14 வருடங்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 608 பேரின் கணக்கைப் போரீஸ் 1995இல் வெளியிட்டார். சர்க்கரை நோய் இருந்து, தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை அளவு இயல்பு நிலையில் நின்றது. இப்படி நடக்கும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள் என்ற பொருளில் அந்தக் கட்டுரைக்கு அவர் தலைப்பு வைத்தார். மருத்துவ இதழ்களில் இவ்வளவு வெளிப்படையான வியப்பைப் பார்ப்பது அபூர்வம்.

அந்த 608 பேரில் ஏறக்குறைய எல்லோரையும் போரீஸ் குழு தொடர்ந்து கண்காணித்தது என்பதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டு மறந்துபோயிருந்தால் இந்த உண்மை யார் கண்ணிலும் பட்டிருக்காது. மேசனும் இதே பிடிவாதம் கொண்டவர். பல மருத்துவமனைகளின் நோயாளிகளை ஒரே ஏட்டில் பதிந்து பல வருடம் பின்தொடரும் பதிவகம் ஒன்றை அவர் 1980களில் அயோவாவில் தொடங்கி நடத்தினார்.

எடை குறையும் முன்பே சர்க்கரை குறைகிறது என்றால் காரணம் குடலின் பாதை மாறியதாக இருக்கலாம். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: பருமனே இல்லாத, ஆனால் சர்க்கரை நோய் உள்ள ஒரு உயிருக்கு இரைப்பையைத் தொடாமல் குடல் பாதையை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இத்தாலியரான பிரான்செஸ்கோ ருபினோ அதைத்தான் செய்தார். பிறவியிலேயே சர்க்கரை நோயுள்ள, ஒல்லியான ஒரு எலி இனத்தில் சிறுகுடலின் தொடக்கப் பகுதியை மட்டும் விலக்கி வைத்தார். இரைப்பை முழுதாக இருந்தது, எலிகள் மெலியவில்லை. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 2004இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, சர்க்கரை நோயின் வேரில் குடலுக்கும் பங்கு உண்டு என்ற எண்ணத்தை யாரும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

இப்போது குடலின் மறுகோடிக்குப் போவோம். சிறுகுடலின் உட்சுவரில் ஆங்காங்கே ஒருவகைச் செல்கள் இருக்கின்றன. கடைச்சிறுகுடலை நெருங்க நெருங்க அவை அதிகம். செரித்துக்கொண்டிருக்கும் உணவு தங்களைத் தொட்டதும் அவை ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவற்றில் ஒன்று ஜிஎல்பி-1. அது கணையத்துக்கு இன்சுலின் சுரக்கச் சொல்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. சாதாரணமாகச் சாப்பிடும்போது பெரும்பகுதி உணவு மேல்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கீழே இருக்கும் செல்களுக்குக் கொஞ்சமே வந்து சேரும். பைபாஸ் செய்தவரிடம் உணவு தொடக்கப் பகுதியைத் தாண்டி வேகமாகக் கீழே இறங்குகிறது. அந்தச் செல்கள் இதுவரை காணாத அளவு உணவைக் காண்கின்றன. ஹார்மோன் பல மடங்கு சுரக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு வருவதற்குச் சிறிய பை மட்டும் காரணமல்ல என்பது இப்படித்தான் தெரிந்தது.

லண்டனில் கார்ல் லெ ரூ என்ற ஆய்வாளர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, குடல் ஹார்மோன்களை அடக்கும் ஆக்ட்ரியோடைட் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு, சாப்பிடச் சொன்னார். அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். இரைப்பையைப் பட்டை கட்டிச் சுருக்கியவர்களுக்கு அதே ஊசியைப் போட்டபோது சாப்பாட்டின் அளவு கூடவில்லை. பையின் அளவு ஊசிக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். மாறியது ஹார்மோன் மட்டும். பைபாஸ் பசியை எதன் வழியாக அடக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை எதிர்பார்க்க முடியாது.

இந்தச் சோதனைகள் வெளிவருவதற்குச் சில வருடங்கள் முன்பே, 1999இல், மேசன் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 78. பணி ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியிருந்தன. கடைச்சிறுகுடலின் ஒரு துண்டை எடுத்து மேல்குடலில் பொருத்தினால் என்ன என்று அதில் கேட்டார். 1980களின் தொடக்கத்திலேயே எலிகளில் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். எலிகள் குறைவாகத் தின்றன. இடம் மாறிய துண்டுக்குச் செரிக்காத உணவு சீக்கிரமாகக் கிடைக்கும். ஜிஎல்பி-1 அதிகமாகச் சுரக்கும். இரைப்பையை நெருக்காமலேயே பசி அடங்கும், சர்க்கரையும் கட்டுப்படலாம். இதுதான் அவருடைய வாதம். கட்டுரையின் தலைப்பில் உடல் பருமன் என்று எழுதி, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சர்க்கரை நோயையும் சேர்த்து ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். முப்பது வருடங்களுக்கும் மேலாக இரைப்பையின் அளவை மில்லிலிட்டர் கணக்கில் சுருக்கிக்கொண்டிருந்த மனிதர், பதில் குடலின் கடைக்கோடியில் இருக்கிறது என்று எழுதினார்.

அவர் யோசித்த அந்த ஆபரேஷன் பரவலாகவில்லை. அதற்குத் தேவையும் குறைந்துபோயிற்று, ஏனென்றால் அதே ஹார்மோனை ஊசியில் அடைக்க வேதியியலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதன் அமைப்பைச் சற்றே மாற்றி, ஒரு வாரம் வரை நிற்கும்படி செய்த மருந்துதான் இன்று எல்லோரும் பேசும் செமாக்ளுடைட். 68 வாரம் நடந்த ஒரு பெரிய சோதனையில் அது சராசரியாக ஏறக்குறைய 15 சதவீத எடையைக் குறைத்தது. அடுத்து வந்த டிர்செபடைட் இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. உயர்ந்த அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். இந்த மருந்துகள் மேசனின் கட்டுரையிலிருந்து நேராகப் பிறந்தவை அல்ல. ஹார்மோன் ஆய்வாளர்களின் தனிப் பாதை அவற்றுக்கு உண்டு. ஆனால் இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

வாயைக் கட்டினால் எடை தானாகக் குறையும் என்று நம் வீடுகளில் சொல்கிறோம். குறையும், நிற்பதுதான் இல்லை. ஏன் என்பதை மெல்போர்னில் நடந்த ஒரு ஆய்வு 2011இல் காட்டியது. ஐம்பது பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து ரத்தத்தைச் சோதித்தபோதும், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடியே இருந்தது. பசியை அடக்கும் ஹார்மோன்கள் சில குறைந்தே இருந்தன. அதாவது, உடம்பு ஒரு வருடம் கழிந்த பிறகும் இழந்த எடையை மீட்கப் போராடிக்கொண்டிருந்தது. மெலிந்தவர் மறுபடி பருக்கும்போது கட்டுப்பாடு இல்லை என்று நாம் ஏசுகிறோம். அவர் தினமும் மூன்று வேளையும் தன் ரத்தத்தில் ஓடும் ஹார்மோனோடு மல்லுக்கட்டுகிறார். அதில் அவர் தோற்றால் அது ஒழுக்கக்கேடு அல்ல. பருத்த குழந்தையைப் பள்ளியில் கேலி செய்வதும், கல்யாண வீட்டில் பருத்த பெண்ணின் இலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் அறியாமை. அந்த அறியாமைக்கு இனி மருத்துவத்தில் சாக்கு இல்லை.

ஆபரேஷன் ஆயுளை நீட்டுகிறதா என்ற கேள்விக்கு ஸ்வீடன் விடை தந்தது. 1987இல் தொடங்கிய ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 2010 பேரையும் வழக்கமான சிகிச்சை பெற்ற 2037 பேரையும் லார்ஸ் ஷோஸ்ட்ரோம் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்களுக்கு மேசனின் பட்டை ஆபரேஷன்தான் நடந்தது. 2007இல் வந்த கணக்கில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் இறப்பு ஆபத்து மற்றவர்களைவிட 29 சதவீதம் குறைவு. 2020இல் பார்த்தபோது ஆயுள் சராசரியாக மூன்று வருடம் கூடியிருந்தது. பின்னால் கைவிடப்பட்ட ஆபரேஷன்கூட உயிர்களைக் காத்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது. ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை நோய் இருந்தவர்களில் 72 சதவீதம் பேரை இரண்டு வருடம் கழித்து அந்த நோய் விட்டிருந்தது; 15 வருடம் கழித்து அப்படி இருந்தவர்கள் 30 சதவீதம்தான். வழக்கமான சிகிச்சையில் இது 6.5 சதவீதம். ஆபரேஷன் சர்க்கரையை ஒரேயடியாக ஒழித்துவிடும் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கைப் பக்கத்தில் போடுவதில்லை.

இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது, இரைப்பையின் வெளிவளைவில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து மீதியை நீளக் குழாய்போல விடும் ஸ்லீவ் ஆபரேஷன். கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதி அதோடு போய்விடுகிறது. பைபாஸும் நிலைத்து நிற்கிறது. 1990களிலிருந்து அதை லேப்ரோஸ்கோபியில் சிறு துளைகள் வழியே செய்கிறார்கள். 2009இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் ஆபரேஷனுக்குப் பின் 30 நாட்களில் இறந்தவர்கள் 0.3 சதவீதம். பித்தப்பை, இடுப்பு மூட்டு ஆபரேஷன்களுக்கு அஞ்சாதவர்கள் இதற்கு மட்டும் அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மேசனை உறுத்திய சத்துக் குறைபாடு இன்றும் உண்மை. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க வேண்டும்.

இந்த விஷயம் நமக்கு அயோவாவைவிட நெருக்கமானது. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் கணக்கிட்டது. நம் உடம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்களையே அளந்து காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்த்தால் ஒல்லியாகவே இருக்கும் இந்தியருக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், மற்றவர்களுக்கு பிஎம்ஐ 35 என்றால் ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

மேசன் 2020 டிசம்பரில், நூறு வயதைத் தாண்டிய பிறகு காலமானார். அவருடைய வாழ்க்கையிலிருந்து நோயாளிகள் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ள நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ யோசித்தால், எத்தனை கிலோ குறையும் என்று முதலில் கேட்காதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் உங்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் இன்னும் பரிசோதனைக்கு வருகிறார்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஏட்டைத் திறந்து காட்டி அதற்குப் பதில் சொல்லும் மருத்துவரிடம் போங்கள்.